தண்ணீர் ஏறியதா, நிலம் இறங்கியதா

பதினோரு வருடம் நன்றாகத்தான் பேசினேன்.
வால்திவியாவில் மழை ஓயும் நாளைப் போல
வகுப்பில் என் வாய் ஓயும் நிமிடம் அபூர்வம்.
மேலோடு, கவசம், கருவம் என்று
வண்ணச் சுண்ணக்கட்டியில் நான் போட்ட வட்டங்களை
மாணவர்கள் படமெடுத்துப் போனார்கள்,
தேர்வில் பத்திரமாகத் திருப்பித் தந்தார்கள்.

ஆறு மாதம் கழித்து
மதிப்பெண் இல்லாத ஒரு வெள்ளைத்தாள்.
காலுக்குக் கீழே என்ன இருக்கிறது, வரையுங்கள் என்றேன்.
நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தொரு பேர்
தீக்கடல் வரைந்தார்கள்.
நிலம் அதன்மேல் பிஸ்கட் போல மிதந்தது.
கவசம் திடப்பாறை என்று நான் சொன்ன அன்று
தலையாட்டிய அதே முப்பத்தொரு பேர்.
யாஸ்னா பர்ரியென்தோஸ்
தீக்கடலுக்கு அலைகூடப் போட்டிருந்தாள்.

வரும்போதே அவர்களிடம் ஒரு பூமி இருந்திருக்கிறது.
கேட்காமல் என் பூமியை அதன்மேல் வைத்தேன்.
வழுக்கிப் போய்விட்டது.

விறகுப் புகை தெருவை மூடிய இரவுகளில்
கற்றல் பற்றிய ஆய்வுகளைப் படித்தேன்.
முதலில் ஊகிக்கவிடு, பிறகு காட்டு என்றன.
கோடுகளால் யோசிக்கவிடு, கைகளால் யோசிக்கவிடு.
கேள்வி கேட்டால் பொறு:
பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு நொடிதான் பொறுக்கிறார்களாம்.
கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.
நான் அந்த ஒரு நொடிகூட இல்லை.

பேச்சைக் குறைத்த முதல் பருவத்தின் முடிவில்
மதிப்பீட்டுத் தாள்கள் வந்தன.
'இவர் பாடம் நடத்துவதில்லை, நாங்கள் நடத்துகிறோம்.'
'இதற்கா கட்டணம்?'
இதுவும் ஆய்வில் இருந்ததுதான்:
திணறிக் கற்றவர்கள், குறைவாகக் கற்றதாகவே உணர்வார்களாம்.
படித்திருந்தும் வலித்தது.
வெள்ளைத்தாளில் இப்போதும் ஒன்பது தீக்கடல்.
ஒன்பது. முப்பத்தொன்று அல்ல.
இருந்தாலும் ஒன்பது.

இந்த வருடம் க்ரூசெஸ் ஆற்றுக்குக் கூட்டிப்போனேன்.
கறுப்புக் கழுத்து அன்னங்கள்,
நாணல், சேறு,
நீர் நடுவில் வரிசையாக வேலிக் கம்பங்கள்.
ஆற்றுக்குள் யார் மாடு மேய்த்தார்கள்?

வெள்ளம், இது கூடவா தெரியாது என்றான் க்ரவுசே.
இருபது கைகள் அவன் பக்கம்.
எலிசெயோ பைனெமால் மட்டும் மெதுவாக,
'அறுபதாம் வருட நிலநடுக்கத்தில்
நிலம் இறங்கிவிட்டது. எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.'

சரி என்று நான் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எல்லோரும் எழுதிக்கொண்டு
பேருந்துக்குப் போயிருப்பார்கள்.
தண்ணீர் ஏறியதா, நிலம் இறங்கியதா,
எதை வைத்துச் சொல்வீர்கள்?
மழை. குடைகள். ஒரு அன்னம் தலையை நீருக்குள் விட்டு
மறுபடி எடுக்கும் வரை யாரும் பேசவில்லை.

யாஸ்னா உள்ளங்கையை விரித்து
நிலமாகப் பிடித்தாள்.
'தண்ணீர் மெல்ல மெல்ல ஏறியிருந்தால்
புல்மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சேறாகும்.
நிலம் சட்டென்று இறங்கியிருந்தால்...'
கை பொத்தென்று விழுந்தது.
மீதியை அந்தக் கையே சொன்னது.

துளைக்கும் முன் வரையுங்கள் என்றேன்.
நனைந்த தாள்களில் இருபத்தொரு நிலங்கள்.
பிறகு குழாயை இறக்கினோம்,
இரண்டு பேர் தொங்கி மேலே இழுத்தார்கள்.

சாம்பல் சேறு.
சேறு.
திடீரென்று ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே கறுத்த மண்,
அதில் புல்லின் வேர்கள், மடங்காமல் அப்படியே.

க்ரவுசே நகத்தால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தான்.
அவன் முகத்தில் நான் பதினோரு வருடம்
பேசியும் பார்க்காத ஒன்று.
ஒப்புக்கொள்வான் என்று நினைத்தேன். இல்லை.
'ஒரே ராத்திரி வெள்ளம் சேற்றைக் கொட்டினாலும்
இப்படித்தானே கோடு விழும்?'

நல்ல கேள்வி.
விடை என் நாக்கு நுனியில், சூடாக.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
நான்காவதில் எலிசெயோ
குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு
அடுத்த கம்பத்தை நோக்கி முழங்கால் சேற்றில் இறங்கினான்.
க்ரவுசே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.